முதல் தொகுதியா, முதல் பதிப்பா?

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டை நெளிந்து, பக்கங்கள் பழுப்பேறி, தலைப்புப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கறையோடு இருக்கும். எடைக்குப் போட்டால் பழைய பேப்பர்காரர்கூட முகத்தைச் சுளிப்பார். "இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?" என்று வீட்டில் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் என் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் புதுச்சேரிக்காரன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது எனக்கு நான்கு வயது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்பா என்னை அப்படி ஒன்றில் சேர்த்தார். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. வாரம் தவறாமல் 'ரெசித்தாசியோன்' என்று ஒரு வகுப்பு உண்டு. ஒரு செய்யுளை மனப்பாடம் செய்து, கையைக் கட்டிக்கொண்டு வாத்தியார் முன்னால் ஒப்பிக்க வேண்டும்.

பெரும்பாலும் லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைப் பாடல்கள்தான். 1668-ல் பாரீஸில் முதலில் வெளிவந்தவை. அதில் வரும் காக்கையின் வாயில் இருப்பது வடை அல்ல, பாலாடைக்கட்டி. எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி பாலாடைக்கட்டி உள்ளே வந்ததே கிடையாது. பாட்டி சொன்ன கதையில் வடை, பள்ளிக்கூடத்துக் கதையில் பாலாடைக்கட்டி. நரி மட்டும் இரண்டிலும் ஒரே நரிதான்.

தமிழில் குழந்தைகளுக்கென்று பாட்டுப் புத்தகங்கள் அச்சாகின்றன என்பதே எனக்கு அப்போது தெரியாது. பாரதியார் 1908 முதல் 1918 வரை எங்கள் ஊரில் இருந்தவர். பாப்பாப் பாட்டை எழுதியதும் அங்கே இருந்த காலத்தில்தான். அதுகூட எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது.

1972-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாக வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் முதலில் மேன்ஷன் அறை, கல்யாணத்துக்குப் பிறகு ஒண்டுக் குடித்தனம். மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு சிக்கல் வந்தது. மனைவிக்குப் பாட்டு வராது. எனக்குத் தெரிந்த குழந்தைப் பாட்டெல்லாம் பிரெஞ்சு. நான் லா ஃபோந்தேனை எடுத்துவிட, குழந்தை மிரண்டு அழுதது. "பிள்ளைக்குப் புரியற மாதிரி ஏதாவது சொல்லிக் கொடுங்களேன்" என்றாள் மனைவி.

அந்த வாரமே பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் 'மலரும் உள்ளம்' கிடைத்தது. மூன்று ரூபாய் சொன்னார், பேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் பார்த்தேன். தலைப்புப் பக்கத்தில் நீல மையில் அழ. வள்ளியப்பா என்ற கையெழுத்து, கீழே 1963 என்று வருஷம். அதே பக்கத்தின் மேல்மூலையில், பென்சிலால், கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்துகளில், ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி வைத்திருந்தது. உள்ளே சில பாட்டுகளுக்கு நேராக அதே பென்சிலால் டிக் போட்டிருந்தது. மனப்பாடம் ஆனவை என்று அர்த்தமாக இருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் என் மகள் தமிழ்ப் பாட்டுப் படித்தாள். அவளோடு சேர்ந்து முப்பத்து மூன்று வயதில் நானும் படித்தேன். பிறகு எனக்கே பைத்தியம் பிடித்துக்கொண்டது. மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி நடைபாதை என்று அலைந்து 'பாட்டிலே காந்தி', 'நீலா மாலா', 'ஈசாப் கதைப் பாடல்கள்' எல்லாம் சேர்த்தேன். லா ஃபோந்தேனும் ஈசாப்பிடம் கடன் வாங்கியவர்தான். என் பழைய வாத்தியாரைத் தமிழில் மறுபடி சந்தித்ததுபோல இருந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தபோது, வியாபாரிகளின் கஷ்டத்தோடு, அங்கே இன்னும் எத்தனை வள்ளியப்பா எரிந்ததோ என்றும் தோன்றியது.

அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன்: "என்கிட்ட கையெழுத்துப் போட்ட முதல் பதிப்பு இருக்கு." அட்டையிலேயே 'முதல்' என்று போட்டிருக்கிறதே! 1988-ல் ஒருநாள் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் அதைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். நிறையப் படிப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏம்ப்பா, இதுல முதல் தொகுதின்னுதான் போட்டிருக்கு. முதல் பதிப்புன்னு எங்க போட்டிருக்கு?" என்றார்.

தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த தாளைக் காணோம். பதிப்பு விவரம் இருக்க வேண்டிய இடம் அதுதான். கிழிந்து போயிருந்தது. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அவர் விளக்கினார். புதுச்சேரிக் கடற்கரையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அந்தப் போரை அதில் செத்தவர்கள் காலத்தில் பெரும் போர் என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது வந்த பிறகுதான் முந்தியது முதலாவது ஆயிற்று. புத்தகமும் அப்படித்தான். இரண்டாம் தொகுதி வந்த பிறகோ, வரப்போகிறது என்று முடிவான பிறகோதான் பழையதன்மேல் 'முதல் தொகுதி' என்று போடத் தோன்றும். ஆகவே இது பெரும்பாலும் பின்னால் வந்த அச்சாகத்தான் இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். தேடிக் கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வள்ளியப்பா 1922 நவம்பர் 7-ஆம் தேதி புதுக்கோட்டைச் சீமையில் உள்ள ராயவரத்தில் பிறந்தவர். 1940-ல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சக்தி ஆசிரியர் தி.ஜ.ர. அவரை எழுதத் தூண்டினார். அடுத்த வருஷமே இந்தியன் வங்கிக்குப் போய்விட்டார். பகலெல்லாம் வங்கிக் கணக்கு, மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு. ஒரு குமாஸ்தாவான எனக்கு இந்த இடத்தில் அவர் மேல் தனிப் பாசம். நானும் பகலெல்லாம் கோப்பு கட்டியவன்தான். ஆனால் மாலையில் தூங்கினேன், அவர் பாட்டு எழுதினார்.

'மலரும் உள்ளம்' முதன்முதலில் வந்தது 1944-ல். அவருக்கு அப்போது 22 வயது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, காகிதத் தட்டுப்பாடு. அதில் இருந்தவை 23 பாட்டுகள் மட்டுமே. பத்து வருஷம் கழித்து, 1954-ல், 135 பாட்டுகளோடும் படங்களோடும் பெரிதாக வந்தது. அதுதான் முதல் தொகுதி. 1961-ல் இரண்டாம் தொகுதி வந்தது. ஆக, 1944-ல் வந்த புத்தகமும் 1954-ல் வந்த புத்தகமும் பெயரில் ஒன்று, உள்ளடக்கத்தில் வேறு. 1963-ல் கையெழுத்தான என் பிரதியோ அந்த 1954 புத்தகத்தின் பிற்கால அச்சு. முதல் பதிப்புக்கு அது பேரன் முறை!

இங்கே ஒரு சங்கதி. 'பதிப்பு' என்ற சொல்லை நம் பதிப்பாளர்கள் தாராளமாகப் புழங்குவார்கள். ஒரு எழுத்துக்கூட மாறாமல் மறுபடி அச்சடித்தாலும் இரண்டாம் பதிப்பு, பாதிப் புத்தகத்தை மாற்றி எழுதினாலும் இரண்டாம் பதிப்பு. இன்னும் பழைய புத்தகங்களில் ஆங்கில வருஷமே இருக்காது, தாரண, ஜய என்று அறுபது வருஷப் பெயர்களில் ஒன்று இருக்கும். 1944 சித்திரையில் பிறந்தது தாரண, 1954 சித்திரையில் பிறந்தது ஜய. பஞ்சாங்கம் தெரிந்தவருக்குத்தான் பழைய புத்தகத்தின் வயது தெரியும்.

நம் ஊரில் பழைய புத்தகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்றும் உண்டு. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் அச்சகத்தார் அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. புத்தகப் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பதுவரை அதில் இருக்கும். அரசு குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதிய பட்டியல்! 1954-ல் தனிச் சட்டமே வந்து, புத்தகப் பிரதியை நம் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆயிற்று. பிரான்சில் இதே வழக்கத்தை 1537-லேயே முதலாம் பிரான்சுவா மன்னர் ஆரம்பித்துவிட்டார் என்று பள்ளியில் படித்திருக்கிறேன்.

சட்டம் இருந்தும், குழந்தைப் புத்தகத்தின் முதல் பதிப்புகள் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன? பெரியவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு அலமாரியில் வைப்பார்கள். குழந்தை அப்படி வைக்காது. எச்சில் தொட்டுப் புரட்டும், மடியில் வைத்துச் சாப்பிடும், படத்துக்கு மீசை வரையும், தம்பியோடு இழுபறி போட்டுக் கிழிக்கும். நல்ல பாட்டுப் புத்தகம் என்றால் இரண்டு மூன்று பிள்ளைகள் கைமாறுவதற்குள் தீர்ந்துபோகும். முழுசாக மிஞ்சிய குழந்தைப் புத்தகம் என்றால், அதை எந்தப் பிள்ளையும் தொடவில்லை என்றுகூடச் சொல்லலாம். போதாக்குறைக்கு அந்தக் காலத்து மட்டக் காகிதம், ராமபாணப் பூச்சி, வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை. இவை எல்லாவற்றிலும் தப்பித்தால் பழைய பேப்பர்காரர்.

வெளிநாட்டில் இதற்கென்றே வியாபாரம் உண்டு. எங்கள் பிரெஞ்சுக்காரர் செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' 1943 ஏப்ரலில் முதலில் வந்தது நியூயார்க்கில். போரில் பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்ததால் அங்கே அச்சாக வழியில்லை. ஆங்கிலத்தில் 525 பிரதிகள், பிரெஞ்சில் 260 பிரதிகள் எண் போட்டு, ஆசிரியர் கையெழுத்தோடு தனியாக விற்றார்கள். மறு வருஷம் ஜூலை 31-ல் அவர் விமானத்தோடு மறைந்தார். பிரான்சில் அந்தப் புத்தகம் வந்ததே 1946-ல்தான். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் இன்றைய விலையில் நம் செம்பாக்கத்தில் மனையே வாங்கலாம் போலிருக்கிறது. தமிழில் க்ரியா 1981-ல் வெளியிட்டது. அதை நான் வாங்கிப் படித்தேன், கையெழுத்தெல்லாம் கிடையாது.

விலையை விடுங்கள். கடிதத்தின் கதை இன்னும் பெரியது. இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி, 1893 செப்டம்பர் 4-ஆம் தேதி, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதுவதென்று தோன்றாமல், நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார். சில வருஷம் கழித்து அதைப் புத்தகமாக்கும் எண்ணம் வந்தபோது, அவரிடம் நகல் இல்லை. அந்தப் பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். அதைத் திரும்ப இரவல் வாங்கித்தான் 'பீட்டர் ராபிட்' எழுதினார். பதிப்பகங்கள் மறுத்துவிட, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அடித்தார். 1902-ல் பதிப்பகமே கேட்டு வாங்கி வெளியிட்டது. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் படிக்கும் அந்தக் கதை பிழைத்தது, ஒரு பிள்ளை ஒரு தாளைத் தூக்கி எறியாமல் இருந்ததால்தான்.

கடிதத்தின் சூட்சுமமே அதுதான். எழுதியவரிடம் கடிதம் இருக்காது. பெற்றவரிடம்தான் இருக்கும். உ.வே.சா. தமக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பாதுகாத்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரீஸில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் அவருக்குத் தமிழிலேயே எழுதிய கடிதங்கள் நமக்குத் தெரிவது அதனால்தான். அவர் மறைந்த மறு வருஷம், 1943-ல், அவர் பெயரால் ஏற்பட்ட நூல்நிலையம் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்ததும், அவற்றை கி. ராஜநாராயணன் கட்டி வைத்திருந்ததால்தான்.

இவர்கள் எல்லாம் எழுத்தாளர்கள், புலவர்கள். தாளின் அருமை தெரிந்தவர்கள். குழந்தைகளுக்கு எழுதுபவரின் நிலைமை வேறு. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகமும், எழுதிய அஞ்சல் அட்டையும் போய்ச் சேர்வது ஊர் ஊராகப் பிள்ளைகளிடம். வள்ளியப்பா 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியவர். ஓய்வுக்குப் பிறகு கோகுலம் இதழுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தவர். இப்படிப்பட்டவரின் கையெழுத்து ஏதோ ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒரே கட்டாக இருக்காது. மதுரையில் ஒரு பரணிலும், காரைக்குடியில் ஒரு டிரங்குப் பெட்டியிலும், தாம்பரத்தில் ஒரு பழைய அட்லஸுக்கு நடுவிலும் ஒன்றொன்றாகத்தான் இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தத் தவறு. செக்‌ஷன் ஆபீசர் என் பெருமையை உடைத்தது 1988-ல். வள்ளியப்பா அப்போது உயிரோடு இருந்தார். "ஐயா, 1944-ல் வந்த உங்கள் முதல் புத்தகத்தில் எந்த 23 பாட்டுகள் இருந்தன? 1954-ல் சேர்த்தபோது எதையாவது மாற்றினீர்களா?" இவ்வளவுதான் நான் கேட்க வேண்டியிருந்தது. அஞ்சல் அட்டை பதினைந்து காசு. கோகுலத்துக்கு எழுதிப் போட்டாலே போதும். அலுவலகத்தில் என் கையால் எத்தனை ஆயிரம் நினைவூட்டல் கடிதம் எழுதியிருப்பேன்! முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று வரிசையாக எழுதுவேன். இந்த ஒரு அட்டையை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அந்த வருஷம்தான் இங்கே செம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். சிமெண்ட், கம்பி, கொத்தனார், கிணறு என்று ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பதிலேயே போயின.

1989 மார்ச் 16-ஆம் தேதி அவர் மறைந்தார். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயது 66தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

இரண்டாவது தவறு 2015-ல். டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மின்சாரம் போய், இருட்டில் மெழுகுவத்தி தேடுவதற்குள் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை. பத்திரம், பாஸ்புக், பென்ஷன் காகிதம் எல்லாம் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. வள்ளியப்பா கீழ்த்தட்டில் இருந்தார். அலுவலகத்தில் ஆவணங்களை ஏ, பி, சி என்று பிரிப்போம். ஏ, பி என்றால் நிரந்தரம், சி என்றால் சில வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். என் வீட்டில் பென்ஷன் புத்தகம் ஏ, குழந்தைக் கவிஞர் சி. நானே போட்ட வகைப்பாடு, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து போய்விட்டது. அந்தக் காலத்து நீல மை தண்ணீரில் கரையும் சாயம். முதலில் சொன்னேனே நீலக் கறை, அதுதான் வள்ளியப்பாவின் கையெழுத்து. அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன், அதில் அட்டையும் நெளிந்தது.

ஆனால் பாட்டுகள் அப்படியே இருந்தன. அச்சு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்றும் அப்படியே இருந்தது. மேல்மூலையில் அந்தப் பிள்ளை பென்சிலால் எழுதிய பெயர். பாட்டுகளுக்கு நேராகப் போட்ட டிக்குகள். பென்சில் கரி கரையாது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவர் போயிட்டார், பிள்ளை இருக்குது பாருங்க" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

முப்பது வருஷம் நான் அந்தப் புத்தகத்தைக் கையெழுத்துக்காகவே வைத்திருந்தேன். முதல் பதிப்பு என்ற பெருமை முதலில் போயிற்று, கையெழுத்து பிறகு போயிற்று. மிஞ்சியதைப் பார்த்தபோதுதான், அதில் ஒரு பிள்ளை இருந்து படித்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. எந்தப் பாட்டு அதற்குப் பிடித்தது, எதுவரை மனப்பாடம் ஆயிற்று என்று கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கை எந்த அரசாங்கப் பட்டியலும் எழுதி வைக்கவில்லை.

பாதுகாப்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர் தூக்கி எறிந்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். புத்தகம் மட்டும் ஏறக்குறைய 50,000. 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்க வழி செய்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நம் வேளச்சேரி சாலையில் மேடவாக்கம், பள்ளிக்கரணை தாண்டிப் போனால் எட்டிவிடும் தூரம்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணில் பழைய குழந்தைப் புத்தகம் இருந்தால் உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். 1944 என்றோ தாரண வருஷம் என்றோ போட்ட மெல்லிய 'மலரும் உள்ளம்' ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது நான் இதுவரை கண்ணால் பார்க்காத புத்தகம். எழுத்தாளர்கள் யாராவது உங்களுக்கோ உங்கள் அண்ணன் தங்கைக்கோ எழுதிய அட்டை கிடைத்தால், முகவரிப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். தபால் முத்திரையில்தான் தேதியும் ஊரும் இருக்கும். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கெடுக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். குறிப்பு எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள். அதன் அருமையை நான் தண்ணீரில் கற்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

என் புத்தகத்தைப் பேரனிடம் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிட்டேன். இனி அதை என்ன செய்வது? நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. 1963-ல் பென்சில் பிடித்துத் தன் பெயரை எழுதிய பிள்ளைக்கு அப்போது ஏழெட்டு வயது இருந்திருந்தால், இப்போது எழுபதை ஒட்டி இருக்கும். அதாவது நம்மில் ஒருவர். செம்பாக்கத்திலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ சேலையூரிலோ, மாலையில் ஏரிக்கரைப் பக்கம் என் எதிரே நடந்து போகிறவராகக்கூட இருக்கலாம்.

பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது நீங்கள்தான் என்றால், எந்தப் பாட்டுகளுக்கு நேராக டிக் போட்டீர்கள் என்று ஒன்றிரண்டு சொன்னால் போதும். சரிபார்த்துவிட்டு நானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். புத்தகம் உங்களுடையது. நான் அதைக் கொஞ்ச காலம் வைத்திருந்தேன், சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும்.